மூன்று லிட்டர் ஆயிலை நம்பி ஓடும் இன்ஜின்: 1.3 டீசல் ஓட்டுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள 1.3 டீசல் வண்டி ஓட்டும் அண்ணன் தம்பிகளுக்கு,

ஸ்டாண்டில் நிற்கும் மஞ்சள் போர்டு டிசையராகட்டும், கல்யாண வீட்டுக்கு ஏழு பேரை ஏற்றிப் போகும் எர்டிகாவாகட்டும், இன்னும் சாகாமல் ஓடும் இண்டிகா விஸ்டாவாகட்டும், ஃபியட் லீனியாவாகட்டும், பானெட்டைத் தூக்கினால் உள்ளே இருப்பது ஒரே இன்ஜின்தான். மாருதி அதை டிடிஐஎஸ் என்றது. டாடா குவாட்ராஜெட் என்றது. பெற்றெடுத்த ஃபியட் வைத்த பெயர் மல்டிஜெட். இத்தனை கம்பெனிகள் ஒரே இன்ஜினைப் போட்டதால் கார் பத்திரிகைகள் பாதி கிண்டலும் பாதி பெருமையுமாக இதை 'இந்தியாவின் தேசிய இன்ஜின்' என்றே அழைத்தன.

2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடப்புக்கு வந்தபோது மாருதி டீசலையே விட்டுவிட்டது. இனி ஷோரூமுக்குப் போய் இந்த இன்ஜினைப் புதிதாக வாங்க முடியாது. கையில் இருக்கும் வண்டியை வைத்துத்தான் ட்யூ கட்ட வேண்டும், எஃப்.சி. காட்ட வேண்டும், பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்ட வேண்டும். அதனால்தான் உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

"இந்த இன்ஜின் இவ்வளவுதான் அண்ணா, ரெண்டு லட்சம் தாண்டினா செயின் போகும், அப்புறம் டர்போ போகும்" என்று பட்டறையில் சொல்வதைக் கேட்டுக் கேட்டு நீங்களும் அதையே அடுத்தவருக்குச் சொல்கிறீர்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இந்த இன்ஜினின் பிறவிக் கோளாறு என்று நீங்கள் நினைக்கும் பெரிய செலவுகளில் பெரும்பாலானவை ஆயில் சம்பில்தான் ஆரம்பிக்கின்றன. ஏன் என்று புரிய, இன்ஜினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

காமன் ரெயில் டீசல் பொருத்திய முதல் பயணிகள் கார் 1997-இல் வந்த ஆல்ஃபா ரோமியோ 156. அந்தத் தொழில்நுட்பத்தை வளர்த்தெடுத்தது ஃபியட் குழுமம். பெரும் உற்பத்திக்குக் கொண்டுபோனது பாஷ். அதன் அடுத்த கட்டமாக, சின்ன கார்களுக்கென்றே ஜெனரல் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து ஃபியட் செய்ததுதான் உங்கள் 1.3. போலந்தில் உள்ள பியெல்ஸ்கோ-பியாவா தொழிற்சாலையில் 2003-இல் உற்பத்தி தொடங்கியது. 2005-இல் ஒரு லிட்டர் முதல் 1.4 லிட்டர் வரையிலான பிரிவில் 'சர்வதேச ஆண்டின் சிறந்த இன்ஜின்' விருதை வாங்கியது. நம் ஊருக்கு 2007-இல் ஸ்விஃப்ட் டீசலாக வந்து சேர்ந்தது. மனேசரில் சுஸுகி பவர்ட்ரெய்ன் தயாரித்தது, புனே பக்கம் ரஞ்சன்காவில் ஃபியட் தயாரித்தது. 2010-இல் பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு நீங்கி, டீசல் மட்டும் 2014 அக்டோபர் வரை அரசுப் பிடியில் மலிவாக இருந்த காலத்தில் டீசல் காருக்கு மாதக்கணக்கில் காத்திருந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மாருதிக்குத் தன் தயாரிப்பு போதாமல், 2012-இல் ஃபியட்டிடமே இன்ஜின் வாங்க ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது.

கொள்ளளவு 1,248 சிசி. நான்கு சிலிண்டர், 16 வால்வு, மேலே இரண்டு கேம்ஷாஃப்ட். போர் 69.6 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 82 மில்லிமீட்டர். ஸ்விஃப்ட், டிசையரில் இருப்பது 75 குதிரைத்திறன் வகை: முழுத்திறன் 4,000 ஆர்.பி.எம்-இல், 190 நியூட்டன் மீட்டர் இழுவிசை 2,000-இல். எர்டிகா, சியாஸ், பிரெஸ்ஸாவில் இருப்பது 90 குதிரைத்திறன். அதன் டர்போவுக்குள் அசையும் இதழ்கள் உண்டு, அதனால் 200 நியூட்டன் மீட்டர் 1,750-லேயே கிடைத்துவிடும். 75-இல் அந்த இதழ்கள் கிடையாது. டர்போ எழுந்திருக்க ஏறக்குறைய 1,800 சுற்றாவது ஆக வேண்டும். இரண்டாம் கியரில் ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கியதும் வண்டி ஒரு நொடி செத்து, பிறகு திடீரென்று பாய்வது இதனால்தான். அதைக் கோளாறு என்று யாராவது சொல்லிக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

மல்டிஜெட் என்ற பெயர் வந்த காரணமும் சுவையானதுதான். பழைய டீசல் இன்ஜினில் நாசில் ஒரே தடவை டீசலைக் கொட்டும். கடகடவென்ற சத்தம் அதிலிருந்து வந்தது. இதில் ஒரே எரிப்புக்குள் ஐந்து தடவை வரை துளித்துளியாகப் பீய்ச்ச முடியும். முதலில் ஒரு சொட்டு விட்டுச் சூடேற்றி, பிறகு மெயின் அளவை விடுவதால் எரிப்பு மெதுவாகத் தொடங்குகிறது. சத்தமும் அதிர்வும் குறைகின்றன, மைலேஜ் கூடுகிறது. அத்தனையும் ஆயிரம் பாருக்கு மேல் போகும் அழுத்தத்தில் நடக்கிறது என்பதை மனதில் வையுங்கள். அழுக்கு டீசலைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

இப்போது ஆயிலுக்கு வருகிறேன். இந்த இன்ஜினைச் சின்னதாகச் செய்ய வேண்டும் என்பதுதான் வடிவமைத்தவர்களின் பிடிவாதம். நீளம் அரை மீட்டருக்குள். அதனால் சம்பும் சின்னது, ஏறக்குறைய மூன்று லிட்டர்தான் பிடிக்கும். அந்த மூன்று லிட்டர் செய்ய வேண்டிய வேலையைப் பாருங்கள். பிஸ்டன், பேரிங், கேம் எல்லாவற்றுக்கும் வழுவழுப்பு கொடுக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும் டர்போவின் தண்டை மிதக்க வைத்து, அதன் சூட்டையும் இழுத்துக்கொண்டு வர வேண்டும். டைமிங் செயினை நனைக்க வேண்டும். அந்தச் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. உள்ளே வந்து சேரும் டீசல் கரியைத் தனக்குள் மிதக்கவைத்துச் சுமக்க வேண்டியதும் அதே ஆயில்தான். டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவே உள்ள அளவு ஏறக்குறைய ஒரு லிட்டர். கீழ்க் கோட்டில் நிற்கும் வண்டியில் மூன்றில் ஒரு பங்கு ஆயில் இல்லை. மிச்சம் இருப்பது மொத்த வேலையையும் செய்கிறது, கூடுதலாகச் சூடாகிறது, சீக்கிரம் கெட்டுப்போகிறது. லாரி இன்ஜினில் ஒரு லிட்டர் குறைந்தால் அது ஒரு பொருட்டே இல்லை. இதில் அப்படி இல்லை.

"சிவப்பு லைட் எரியலையே" என்பீர்கள். அந்த லைட் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாது. அழுத்தம் விழுந்துவிட்டது என்று மட்டும் சொல்லும். அது எரியும்போது சேதம் ஆரம்பித்திருக்கும். ஓடிக்கொண்டிருக்கையில் எரிந்தால் ஓரங்கட்டி அணைப்பதைத் தவிர வேறு வழியில்லை. பக்கத்துப் பட்டறை வரை ஓட்டிப் போய்விடலாம் என்ற நினைப்புத்தான் கிராங்க் பேரிங்கை முடிக்கிறது.

செயின் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பெல்ட் இல்லை, செயின். ஆகவே இன்ஜின் ஆயுளுக்கும் தொட வேண்டாம் என்று விற்கும்போது சொன்னார்கள். ஐரோப்பாவில் இதே இன்ஜினை 30,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாற்றினால் போதும் என்ற கணக்கில் விற்றார்கள். அங்கே வந்த செயின் புகார்களையும் அந்த நீண்ட இடைவெளியோடு சேர்த்தே மெக்கானிக்குகள் பேசினார்கள். கரி ஏறிய ஆயில் செயினின் ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள பின்னை உப்புத்தாள் மாதிரி தேய்க்கிறது. ஒவ்வொரு பின்னும் தேயும் அளவு மிகச் சிறியது. எல்லாம் சேர்ந்தால் செயின் நீண்டுவிடும். டென்ஷனர் ஓரளவுக்கு ஈடுகொடுக்கும். ஆயில் குறைந்து அழுத்தமும் இல்லையென்றால் அதுவும் கைவிட்டுவிடும். முதல் அடையாளம் இதுதான்: இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் செயின் கவர் பக்கத்திலிருந்து சில நொடி சரசரவென்று வரும் சத்தம். பிறகு ஆயில் ஏறியதும் நின்றுவிடும். நின்றுவிடுவதால்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

அந்தச் சத்தம் நாளுக்கு நாள் நீளுமானால், ஸ்கேனரில் பி 0016 என்ற குறியீடும் வருமானால், அதாவது கிராங்க்கும் கேமும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூ சொல்லுமானால், தள்ளிப்போடாதீர்கள். செயின் பல் தாண்டினாலோ அறுந்தாலோ பிஸ்டன் போய் வால்வை இடிக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் ராக்கர் ஆர்ம்கள் முறிவதோடு போகும். இல்லையென்றால் ஹெட்டையே இறக்க வேண்டும். மாற்றும்போது செயின், டென்ஷனர், கைடு, பல்சக்கரம் என முழு கிட்டையும் மாற்றுங்கள். டென்ஷனரை மட்டும் மாற்றி சத்தத்தை நிறுத்தித் தருகிறேன் என்பவர் உங்களுக்கு நல்லது செய்யவில்லை. இந்த வேலைக்காகச் சம்பைக் கழற்றும் நேரத்திலேயே உள்ளே இருக்கும் ஆயில் ஸ்ட்ரெய்னரையும் பார்க்கச் சொல்லுங்கள். கசடு படிந்த வலை ஆயிலை உறிஞ்ச விடாது. செயினும் டர்போவும் அடுத்தடுத்துப் போன வண்டிகளில் பலமுறை அங்கேதான் காரணம் இருக்கும்.

டர்போ செலவு உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல வருவது, முதல் டர்போ ஏன் போனது என்று பார்க்காமல் இரண்டாவதைப் போடுவது பற்றி. டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் மெல்லிய குழாய்க்குள் ஆயில் கருகிக் கட்டியாகி அடைத்திருந்தால், புது டர்போவுக்கும் அதே கதிதான். குழாயையும் பாஞ்சோ வாஷரையும் மாற்றி, ஆயில் ஃபில்டரை மாற்றி, காற்றுக் குழாய்களுக்குள் உடைந்த துகள் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே புதியதைப் பொருத்த வேண்டும். ரீகண்டிஷன் டர்போ வாங்கினால் பேலன்ஸ் செய்ததற்கான சீட்டைக் கேளுங்கள். 90 குதிரைத்திறன் வகையில் இன்னொரு தொந்தரவும் உண்டு. இதழ்கள் கரியில் சிக்கிக்கொள்ளும். நெடுஞ்சாலையில் மிதிக்கும்போது வண்டி திடீரென்று திறன் குறைந்த நிலைக்குப் போகும். அணைத்து மறுபடி போட்டால் சரியாகிவிடும். அதற்கு உடனே டர்போவை மாற்றத் தேவையில்லை. ஆக்சுவேட்டர் கம்பி தடையில்லாமல் நகர்கிறதா, வாக்யூம் ஹோஸ் வெடித்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பி 0299 குறியீட்டைப் பார்த்ததும் டர்போ அவுட் என்று தீர்ப்பு எழுதும் பட்டறையில், அதற்கு முன் காற்றுக் குழாய் கிளிப்புகளைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். பத்து நிமிட வேலை அது.

பைபாஸில் விரட்டி வந்து டோல் தாண்டி டீக்கடையில் நிறுத்தியவுடன் சாவியைத் திருப்பாதீர்கள். அரை நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள். பம்ப் நின்றால் ஆயில் ஓட்டமும் நிற்கும், டர்போவின் சூட்டில் தேங்கிய ஆயில் வேகும். அரை நிமிடம் போதும். ஐந்து நிமிடம் விட்டால்தான் நல்லது என்பதெல்லாம் டீசலை வீணாக்கும் பேச்சு.

அபூர்வமாக நடப்பதுதான், ஆனாலும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. டர்போ சீல் உடைந்து இன்ஜின் ஆயில் காற்றுவழியில் போனால், இன்ஜின் அதையே எரித்துக்கொண்டு தானாக ரேஸ் ஆகும். வெள்ளைப் புகை மண்டும். சாவியை எடுத்தாலும் நிற்காது, ஏனென்றால் எரிவது டீசல் இல்லை. அப்போது பிரேக்கை முழுக்க அழுத்தி, ஐந்தாம் கியர் போட்டு, கிளட்ச்சை விட்டு இன்ஜினை முடக்க வேண்டும். முடியாவிட்டால் பயணிகளை இறக்கி விலகி நில்லுங்கள். கையை உள்ளே விட்டு எதையும் அடைக்கப் பார்க்காதீர்கள்.

எந்த ஆயில் ஊற்றுவது என்பதில்தான் அதிகம் கோட்டை விடுகிறோம். டிரம்மில் வாங்கி வைத்த 15டபிள்யூ-40 லாரி ஆயில் மலிவு, கெட்டி, அதனால் பலம் என்று ஒரு நம்பிக்கை. இந்த இன்ஜினின் ஆயில் பாதைகள் மெல்லியவை. காலையில் ஸ்டார்ட் செய்த முதல் நொடிகளில் டென்ஷனருக்கும் டர்போவுக்கும் ஆயில் ஓடிச் சேர வேண்டும். உங்கள் கையேட்டில் போட்டிருக்கும் சிந்தெடிக் கிரேடு எதுவோ அதைத்தான் ஊற்ற வேண்டும். கையேடு 10,000 கிலோமீட்டர் சொல்கிறது. அது வீட்டு வண்டிக்குச் சொன்னது. ஏர்போர்ட்டிலும் ஐ.டி. கம்பெனி வாசலிலும் ஏ.சி. போட்டு மணிக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு மீட்டர் ஓடாது, இன்ஜின் மட்டும் ஓடும். உங்களுக்கு 7,500 என்பதே என் கணக்கு. மூன்று லிட்டர் ஆயிலும் ஒரு ஃபில்டரும் செயின் கிட்டுக்கு முன்னால் பெரிய காசே இல்லை.

அடுத்தது இஜிஆர் வால்வு. எரிந்த புகையில் ஒரு பகுதியைத் திருப்பி உள்ளே விட்டு, நைட்ரஜன் ஆக்சைடு மாசைக் குறைக்கும் ஏற்பாடு. புகைக்கரியும் ஆயில் ஆவியும் கலந்து தாரைப்போல அதில் படியும். வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டால் கறுப்புப் புகை, பிக்கப் இல்லை; மூடியபடியே மாட்டிக்கொண்டால் செக் இன்ஜின் லைட்டும் பி 0401 குறியீடும். இதற்கு நம் ஊர் வைத்தியம் தகடு வெட்டி அடைப்பது. வண்டி கொஞ்சம் சுத்தமாக இழுப்பது போல் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்த மாசு உங்கள் தெருவில்தான் இறங்குகிறது, விதிப்படி குற்றமும்கூட, ஈசியூவும் சும்மா இருக்காது. கழற்றிச் சுத்தம் செய்வது அரை நாள் வேலை. அதைவிட நல்லது கரியே படியாமல் ஓட்டுவது. மைலேஜ் ஆசையில் நான்காம் கியரில் 1,300 சுற்றில் உருட்டிக்கொண்டு போகாதீர்கள். அந்தச் சுற்றில் டர்போ காற்று தருவதில்லை, எரிப்பு அரைகுறை, கரி அதிகம், கிளட்ச்சுக்கும் சுமை. கியரைக் குறைத்து 2,000-க்குப் பக்கத்தில் வைத்தால் மைலேஜ் அப்படியொன்றும் விழுந்துவிடாது.

இன்ஜெக்டர் விஷயத்தில் மெக்கானிக்கைவிட பங்க்தான் முக்கியம். முன்பு சொன்ன அழுத்தத்தில் ஓடும் நாசிலுக்கு டீசலே லூப்ரிகன்ட். அதில் தண்ணீரோ மண்ணெண்ணெயோ கலந்தால் ஊசி அரிபடும். டீசல் ஃபில்டரில் தேங்கும் தண்ணீரை மழைக்காலத்தில் அடிக்கடி வடிக்கச் சொல்லுங்கள். ஃபில்டரில் மட்டும் லோக்கல் பார்ட்ஸ் வேண்டாம். ஸ்டார்ட்டிங் டிரபிள், பி 0087 குறியீடு என்று வந்தால் நான்கு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்வதற்கு முன் ரிட்டர்ன் லீக் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். எந்த இன்ஜெக்டரில் டீசல் அதிகமாகத் திரும்பி வழிகிறதோ அது மட்டும்தான் குற்றவாளி. புதிது போட்டால் அதன் மேல் அச்சடித்த குறியீட்டை ஸ்கேனர் வழியாக ஈசியூவுக்குச் சொல்ல வேண்டும். அதைச் செய்யாமல் விட்டு, "இன்ஜெக்டர் சரியில்லை, அதிருது" என்று இரண்டாம் தடவை காசு வாங்குகிறார்கள். கேபினுக்குள் புகை வாடை அடித்து, இன்ஜெக்டர் அடியில் கறுப்பு மெழுகு போலத் திரண்டிருந்தால் செம்பு வாஷர் கசிகிறது என்று அர்த்தம். கட்டர் போட்டு இன்ஜெக்டர் உட்காரும் இடத்தைச் சமன் செய்து புது வாஷர் வைத்தால் தீர்ந்தது. நாள் கடத்தினால் இன்ஜெக்டர் ஹெட்டோடு பிடித்துக்கொள்ளும்.

மற்றவை சின்ன விஷயங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தால் இன்ஜின் எப்போதும் சூடு பற்றாமலே ஓடி மைலேஜைத் தின்னும். நம் வெயிலிலும் தெர்மோஸ்டாட் வேண்டும். குளோ பிளக் செத்திருப்பது சென்னையிலோ மதுரையிலோ தெரியாது, ஊட்டியில் விடியற்காலையில் தெரியும். கூலன்ட்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. டெல்லிப் பகுதியில் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளுக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் தடை போட்டதிலிருந்து அங்கிருந்து பல வண்டிகள் என்.ஓ.சி. வாங்கிக்கொண்டு வேறு மாநிலங்களுக்கு வந்தன. மீட்டரை நம்பாதீர்கள். அதைத் திருப்புவது எளிது, சர்வீஸ் பில்களை மொத்தமாகத் திருப்புவது கஷ்டம். இன்ஜின் சூடாக இருக்கும்போது விற்கிறவர் காட்டினால் மறுநாள் காலை வருகிறேன் என்று சொல்லுங்கள். குளிர்ந்த ஸ்டார்ட்டில் கேட்கும் செயின் சத்தத்துக்காகத்தான் அந்த இரண்டாம் பயணம். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். புகை குபுகுபுவென்று வந்தால் ரிங் தேய்ந்த இன்ஜின், விலகிவிடுங்கள்.

நாளைக் காலை முதல் சவாரிக்கு முன், சமதளத்தில் நிற்கும் வண்டியில், சாவி போடுவதற்கு முன்னால் டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். மேல் கோட்டுக்கு நெருங்கவில்லை என்றால் அதே கிரேடு ஆயிலை ஊற்றி நிரப்பிவிட்டுக் கிளம்புங்கள். ஸ்டாண்டில் உங்களுக்கு அடுத்து நிற்கும் டிசையர்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்களில் பலருடைய வண்டியில் பின்சீட்டில் உட்கார்ந்து வரும் ஒரு பழைய பட்டறைக்காரன்